மலரின் மாடி வீட்டை வாங்குவது பற்றி

என் அன்பு மகனுக்கு, அம்மா எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம். இந்த மாரிக்கு மழை குறைவில்லாமல் பெய்திருக்கிறது. கிணற்றில் குனிந்தால் கைக்கு எட்டும் போலத் தண்ணீர் நிற்கிறது. போன கிழமை சுதா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள். உன் சின்னவள் பஸ்சால் இறங்கியதிலிருந்து வழி நெடுக, "அப்பம்மா, இது யார்ட வீடு? இது என்ன விலை வரும்?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். சுதாவின் ஊரில், குருக்கள்மடத்தில், சனம் முழுக்க அவள் தாயைப் போல என்கிறார்கள். நான் அதற்கு ஒன்றும் சொல்வதில்லை. ஒரு வீட்டுக்கு முன்னால் நின்று, மதிலைப் பார்த்து, கூரையைப் பார்த்து, பிறகு வாயைக் கோணுகிற பிள்ளை யாரைப் போல என்று உனக்குத் தெரியும்தானே.

போன் இருக்கும்போது அம்மா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நீ யோசிப்பாய். போனில் நீ வேலை முடிந்த களைப்போடு கதைப்பாய். உன் காசு ஓடுகிறதே என்று எனக்கு மற்றப் பக்கம் பதற்றம். நீ சொல்வதற்கெல்லாம் ஓம், ஓம் என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். போன வெள்ளிக்கிழமையும் அதுதான் நடந்தது. "அம்மா, மலரக்காட மாடி வீடு விலைக்கு வருதாம். டவுன் பக்கம் வீடெல்லாம் விலை இறங்கிற்று. இறங்கிற நேரத்திலதான் எடுக்கோணும். நீங்க போய்க் கதைச்சு அட்வான்ஸைக் குடுங்க. நம்மட சின்னவளுக்கு ஆகும்" என்றாய். நான் ஓம் என்றேன். உன் காசு இங்கே வங்கியில் கிடக்கிறது. உனக்காக நான் கையெழுத்து வைக்கலாம் என்ற பத்திரமும் என்னிடம் இருக்கிறது. இருந்தும் இன்றுவரை ஒரு ரூபாய் அட்வான்சும் நான் கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை என்பதைத்தான் எழுதப்போகிறேன். நீளமாகப் போகும். உன் லீவு நாளில் இருந்து வாசி.

முதலில் தரகுக்காரியாகச் சொல்லிவிடுகிறேன். வீடு நல்ல வீடு. நீ பிழையாகக் கணக்குப் போடவில்லை. ஆடி வெயிலிலும் அந்தக் கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பதில்லை. உவர் ஆத்துக்கு அவ்வளவு கிட்ட இருந்தும் அப்படி ஒரு கிணறு நம் கல்லடியில் அருமை. மாரியில் முற்றத்தில் வெள்ளம் நிற்பதில்லை. உறுதிப் பத்திரம் தாய்வழியாக வந்தது, வில்லங்கம் இல்லை. அத்திவாரம் உன் அப்பா போட்டது. அவர் மேசன் வேலைக்குப் போன இடத்துக்கெல்லாம் சோறு கொண்டுபோய் நின்று பார்த்தவள் நான். எந்தச் சுவர் வெடிக்கும், எந்தச் சுவர் நிற்கும் என்று தட்டிப் பார்த்தே சொல்லுவேன். வேறு ஆள் என்னிடம் வந்து இந்த விலைக்கு இந்த வீட்டை வாங்கலாமா என்று கேட்டிருந்தால், தேத்தண்ணி ஆறுமுன் போய் வாங்கு என்று துரத்தியிருப்பேன்.

நான் தரகுக்காரி ஆனது உனக்குத் தெரியும், ஆனால் எப்படி ஆனேன் என்பதில் நீ பாதிதான் அறிவாய். கடல் வந்த காலை உனக்கு மறந்திராது. கடல் பக்கத்து வீடுகள் அத்திவாரத்தோடு போய், கிணறுகள் மட்டும் மணலுக்கு மேலே குழாய் மாதிரி நின்றன. ஆத்துப் பக்கத்து வீடுகள் தப்பின. அதற்குப் பிறகு சனம் கடற்கரைக் காணியைச் சும்மா தந்தாலும் வேண்டாம் என்றது. ஆத்துப் பக்கத்துக் காணிக்கு ஆளுக்கு ஆள் விலை கேட்டது. அந்த நேரம்தான் வெளிநாட்டு நிறுவனங்கள் வந்தன. வெள்ளை ஜீப்புகள் ஒழுங்கைக்கு ஒழுங்கை நின்று வீடு தேடின. ஒரு நாள் ஒரு ஜீப் நம் வாசல் கடப்படியில் நின்றது. ட்ரைவர் தலையை நீட்டி, "அம்மா, இஞ்ச வாடகைக்கு வீடு ஏதும் இரிக்கா? ஒபிசுக்கு" என்றான். ஜீப்பில் ஏறி முன் சீட்டில் இருந்துகொண்டு நான்தான் வழி காட்டினேன். ஐந்தாம் வகுப்போடு தம்பி தங்கச்சிமாரைப் பார்க்க வீட்டில் மறித்த பொம்பிளை ஜீப்பின் முன் சீட்டில் போகிறாள் என்று ஊரே பார்த்தது. பார்க்கட்டும் என்று கண்ணாடியையும் இறக்கிவிட்டேன். அந்த வீட்டுக்கு ஒரு மாத வாடகை எனக்குத் தரகாக வந்தது. அவ்வளவு காசை அதற்கு முன் என் கையால் நான் தொட்டதில்லை.

அதன் பிறகு நான் நிற்கவில்லை. வாகரைப் பக்கம் சண்டை மூண்டு சனம் பிள்ளை குட்டியோடு இடம்பெயர்ந்து வந்தபோது இன்னும் நிறுவனங்கள் வந்தன. வாடகை இன்னும் ஏறியது. பாடசாலைகளில் சனம் சாக்கு விரித்துப் படுத்திருந்தது. நான் அதைத் தாண்டித்தான் வீடு காட்டப் போவேன். பாவம் என்று மனம் சொல்லும். ஆனால் கால் நிற்காது, மகன். அழிவு எந்தப் பக்கத்தால் வந்ததோ அந்தப் பக்கத்தாலேயே எனக்குப் பிழைப்பும் வந்தது. அதைக் கடவுள் கொடுத்த கெட்டித்தனம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மலரின் வீட்டை ஒரு நிறுவனத்துக்கு ஒபிசாகக் காட்டியதும் அப்போதுதான். நம் பக்கத்து வழக்கம் நீ அறிந்தது: பெண் பிள்ளைக்கு வீடு எழுதாமல் கலியாணம் நடக்காது, வருகிற மாப்பிள்ளை அவள் வீட்டில்தான் குடியிருப்பான். நீயே சுதாவின் வீட்டுக்குப் போனவன். மலருக்கு அவளுடைய தாய் கொடுத்த வீடு அது; மகள் ரஞ்சிக்கு அவள் கொடுக்கவேண்டிய வீடு. மலரின் புருசன் குணம் காரைதீவுப் பக்கத்திலிருந்து மாப்பிள்ளையாக வந்தவன்; ஆத்தில் வீச்சுவலை வீசிச் சீவிக்கிற அமைதியான மனிசன். "ரஞ்சி சின்னப் பிள்ளைதானேகா. அவள் பெரியாளாகும் மட்டும் வீடு சும்மா நிண்டு என்ன செய்யப்போகுது? வாடகைக்கு விடு. பின்னால தகரத்த அடிச்சு நீங்க இருங்க" என்று மலருக்குச் சொன்னேன். அப்படித்தான் அந்த நாளில் ஆத்துப் பக்கத்தில் பாதி வீட்டுக்காரர் தங்கள் வீட்டுக்குப் பின்னால் தாங்களே குடியிருந்தார்கள். மலரின் வீட்டுத் தரகும் இன்னும் இரண்டு வீட்டுத் தரகும் சேர்ந்துதான் உன்னை டோஹாவுக்கு அனுப்பிய ஏஜென்சிக் காசு. இதை நான் உனக்கு ஒருநாளும் சொன்னதில்லை. நீ கேட்டபோது சீட்டு எடுத்தேன் என்றேன்.

ரஞ்சி பெரியபிள்ளையானது அந்தத் தகரக் கொட்டிலில். தண்ணி வார்க்கும் நாளில் மலர் வெட்கத்தை விட்டு ஒபிஸ்காரரிடம் போய், ஒரு நாளைக்கு ஹோலைத் தரமுடியுமா என்று கேட்டாள். நல்ல மனிதர்கள், மேசைகளை ஒதுக்கிக் கொடுத்தார்கள். தன் சொந்த வீட்டின் ஹோலில், சுவர் முழுக்க நிவாரண வரைபடங்கள் தொங்க, அந்தப் பிள்ளை விருந்தாளி மாதிரிக் கூச்சத்தோடு இருந்தது. பெண்டுகள் குரவை போடும்போது நானும் போட்டேன். என் குரல்தான் எல்லாவற்றிலும் பெரிதாகக் கேட்டது.

அதோடு விட்டிருந்தால் இந்தக் கடிதம் தேவைப்பட்டிராது. அந்த ஒபிசுக்கு இன்னும் இடம் வேண்டும் என்றும், மேலே மாடி எடுத்தால் இன்னொரு நிறுவனமும் வரும் என்றும் கேள்விப்பட்டேன். மலரிடம் போய், வங்கியில் லோன் எடு, உறுதியை ஈடு வை, வருகிற வாடகையே லோனைக் கட்டும், கடைசியில் ரஞ்சிக்கு மாடி வீடு மிஞ்சும் என்றேன். மலரின் கண் விரிந்தது. குணம் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு ஒரு பக்கமாக இருந்தவன், தலையை நிமிர்த்தாமல் சொன்னான்:

"மாமி, ஆத்தில இறால் எப்ப வரும்? மாரித் தண்ணி பாய்ஞ்சு முகத்துவாரத்து மணலை வெட்டினா வரும். தண்ணி வத்தினா போயிரும். வந்த நேரம் அள்ளலாம். அதுக்காக இறாலை நம்பிக் கடனுக்குக் கப்பல் வாங்குவாங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். மலரும் சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்கவில்லை. ஜீப்பில் முன் சீட்டில் போகிறவளுக்கு ஒரு வலைகாரன் புத்தி சொல்வதா என்று ஒரு திமிர். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நீ என்னத்துக்குத் தம்பி கதைக்கிறாய்? நீ வந்த மாப்பிள்ளை. வீடு பொம்பிளைட வீடு. அவள் சொல்லட்டும்."

நம் ஊரில் ஒரு ஆம்பிளையின் வாயை அடைக்க இதைவிடப் பெரிய சொல் இல்லை. வழக்கம் பெண்ணுக்கு வீட்டைக் கொடுத்தது, அவளை யாரும் தெருவில் விடக்கூடாது என்பதற்காக. அந்த வழக்கத்தையே எடுத்து, அந்த வீட்டைக் காப்பாற்ற நினைத்த ஒரே மனிதனை நான் அடித்தேன். குணம் வலையைச் சுருட்டிக்கொண்டு எழும்பிப் போனான். மாடி முடியும்வரை அந்த வேலையில் கூடவே உழைத்தான். கல் சுமந்தான், மணல் அரித்தான், கூலிக்காரன் மாதிரி நின்றான்.

இனிச் சொல்லப்போவது மலருக்கும் தெரியாது. மாடிக்குக் கொங்கிரீட் தட்டுப் போடுவதற்கு முதல் நாள் சந்தையில் அந்த ஜீப் ட்ரைவரைக் கண்டேன். "அம்மா, எங்கட ஆக்கள் இனி கனநாள் இரிக்க மாட்டாங்க. சண்டை முடியப்போகுது எண்டு கதை. காசு வேற நாட்டுக்குப் போகுதாம். மறு வருசத்துக்கு வீட்டு எக்ரிமென்ட் எழுதவேணாம் எண்டு மேலிடத்தில இருந்து வந்திருக்கு" என்றான். நான் மீனை வாங்கிக்கொண்டு நேரே மலர் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். தட்டைப் போடாதே, போட்ட சுவரோடு நிறுத்து, மிச்ச லோனை எடுக்காதே என்று சொல்லியிருந்தால் பாதிக் கடனோடு தப்பியிருப்பார்கள். நான் வீட்டுக்குப் போய் மீனை வெட்டினேன். மாடிக்கு வரும் நிறுவனத்தின் தரகு என் கண்ணில் நின்றது. அதைவிட, குணம் சொன்னது சரி என்று அவன் முன்னால் போய் நின்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மறுநாள் தட்டுப் போட்டார்கள். மேசன்மாருக்குச் சோறும் ஆட்டிறைச்சியும். மலர் முதல் வாழையிலையை எனக்குத்தான் விரித்தாள். நான் சாப்பிட்டேன்.

பிறகு நடந்தது நீ அங்கிருந்தே கேள்விப்பட்டதுதான். சண்டை முடிந்தது. சனம் நிம்மதி என்றது. சாகப் பயமில்லாமல் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பலாம் என்றது. நானும் கோயிலில் தேங்காய் உடைத்தேன். ஆனால் நிறுவனங்கள் ஒவ்வொன்றாகப் போயின, மலரின் மாடிக்கு ஆளே வரவில்லை; என் தொழிலும் அன்றோடு இறங்கத் தொடங்கியது. இதைக் கவனமாகக் கேள், மகன், ஏனென்றால் நீ இனியும் எங்காவது காணி, வீடு பார்ப்பாய். ஒரு இடத்தில் விலை விழுவதற்கு முன் வீட்டுக்காரரின் குரல் விழும். நேற்றுவரை கடப்பைத் திறக்காமலே வாடகை சொன்னவர் இன்று உள்ளே வாங்க, இரிங்க என்பார். முதலில் வாடகையைக் குறைக்க மாட்டார். பெயின்ட் அடித்துத் தருகிறேன் என்பார். பிறகு அட்வான்ஸ் வேண்டாம் என்பார். பிறகு மின்விசிறியும் கட்டிலும் தருவார். அதற்கும் ஆள் வராவிட்டால்தான் வாடகை இறங்கும். அதற்குப் பிறகு லோன் வாங்கிக் கட்டியவர் ஒருவர் விற்க வருவார். அந்த ஒருவருடைய விலைதான் அடுத்த நாள் ஒழுங்கை முழுக்க விலை. கொழும்புக்காரர் இப்போது வருகிறார்கள்தான். அவர்கள் ஹோட்டல் கட்டக் கடற்கரைக் காணி கேட்கிறார்கள். மாடி வீடு யாருக்கு வேண்டும்? வாடகை வந்தால்தான் கடன் கட்டலாம் என்ற வீடு, வாடகைக்காரன் போகிற அன்றே வங்கியின் வீடு. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மலரின் வீட்டைக் கொடுத்து நான் படித்தேன்.

நீ போன் எடுத்த மறுநாள் காலை நான் மலரிடம் போனேன். போகும்போது என் மனம் இருந்த நிலையை மறைக்கமாட்டேன். எனக்குச் சந்தோசமாக இருந்தது. மாடிப் படியில் சின்னவள் பட்டுச் சேலையோடு இறங்கி வருகிற மாதிரி ஒரு படம். சுதாவின் வீடு மூத்தவளுக்கு என்றால், சின்னவளுக்கு அதைவிடப் பெரிய வீடு, அதுவும் அப்பம்மா பார்த்துக் கொடுத்தது என்று ஊர் சொல்லும். முற்றத்தில் நின்றுகொண்டு எந்த ஜன்னலுக்கு என்ன திரை போடலாம் என்றுகூடப் பார்த்துவிட்டேன். கீழ் வீடும் மேல் வீடும் பூட்டிக் கிடந்தன. ஒபிஸ் போர்ட்டைக் கழற்றிய இடத்தில் சுவர் வெள்ளையாகத் தெரிந்தது. அவர்கள் இன்னும் பின்னால் கொட்டிலில்தான். வீட்டைச் சுத்தமாக வைத்திருந்தால் யாராவது வருவார்களாம்.

"வாங்க மாமி, இரிங்க" என்று மலர் கதிரையைத் துடைத்துப் போட்டாள். குணம் முற்றத்தில் இருந்தான்.

"மாமி வந்தா சும்மா வரமாட்டா" என்றான். "என்ன, வாங்கிறதுக்கு ஆள் பிடிச்சிட்டீங்களா?"

"என்ட மகன் கேக்கான்" என்றேன்.

"அப்ப தரகு ஆரிட்ட எடுக்கிற? மகனிட்டயா, எங்களிட்டயா?"

"சும்மா இரிங்கப்பா" என்று மலர் அவனை அதட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பி, அவள் சொன்னதுதான் என்னைக் கொன்றது. "நீங்க எடுக்கிறதெண்டா நல்லம் மாமி. பிறத்தியாரிட்டப் போறத விட. வங்கிக்காரன் கடைசிக் கடிதமும் போட்டிட்டான். உங்கட மகன் எண்டா நான் மனசாறக் குடுப்பன்."

நான் விலை பேச வாய் திறந்தேன். அதற்குள் அவள் மெதுவாகக் கேட்டாள்: "ஒண்டு மட்டும், மாமி. ரஞ்சிட கலியாணம் முடியும் மட்டும் எங்களை இந்தக் கொட்டில்ல இரிக்க விடுவீங்களா? முன் வீட்டை நாங்க தொடமாட்டம். மாப்பிள்ளை வீட்டார் பொண் பார்க்க வாற அண்டைக்கு மட்டும் முன் கதவைத் திறந்து வெச்சாக் காணும்."

மகன், அவள் என்னைத் திட்டியிருக்கலாம். நீதானே சொன்னாய் என்று கேட்டிருக்கலாம். வீடு இல்லாத பெண்ணுக்கு மாப்பிள்ளை வரமாட்டான். அதனால் விற்ற வீட்டின் கதவை ஒரு நாளைக்குத் திறந்து வைத்து, இது என் மகளின் வீடு என்று காட்ட என்னிடமே அனுமதி கேட்கிறாள். ரஞ்சி கொட்டில் வாசலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழும்பி வந்தேன். தேத்தண்ணியைக்கூடக் குடிக்கவில்லை.

பிறகு இரண்டு மூன்று நாள் நன்றாக யோசித்தேன். யோசித்து ஒரு வழி கண்டேன். நம் பழைய ஆட்கள் செய்கிற ஒற்றிதான். உன் காசால் வங்கிக் கடனைக் கட்டி உறுதியை மீட்பது. அதற்குப் பதில் மாடி உன் கையில் இருக்கும். அதற்கு வருகிற வாடகை, அது எவ்வளவு சிறிதானாலும், உனக்கு. வட்டி இல்லை. கீழ் வீட்டில் அவர்கள் குடியிருப்பார்கள். உறுதி மலரின் பேரிலேயே இருந்து ரஞ்சிக்குப் போகும். அவர்கள் முதலைத் திருப்பித் தருகிற அன்று நீ மாடியை விட்டு இறங்குவாய். சின்னவளுக்கு நான் இருக்கும் இந்த வீட்டை எழுதி வைப்பேன். மாடி இல்லை, ஒழுங்கை மணல், ஓடும் பழசு. ஆனால் கடனில்லை. எனக்குப் பெண் பிள்ளை இல்லாதபடியால் இதை யாருக்கு எழுதுவது என்று இவ்வளவு நாளும் இழுத்துக்கொண்டிருந்தேன். இது பேத்திக்குக் காணாது, பெரிதாக ஏதாவது வேண்டும் என்ற என் பெருமைதான் காரணம்.

இந்த யோசனையோடு நேற்று விடிய எழும்பி நல்ல சேலையும் உடுத்து மலர் வீட்டுக்குப் போனேன். இந்த முறை முதலில் குணத்தைத்தான் கூப்பிட்டேன். "தம்பி, அண்டைக்கு நான் உன்னை வந்த மாப்பிள்ளை எண்டு சொன்னது பிழை. நீ சொன்னதுதான் சரி" என்றேன். ட்ரைவர் சொன்னதை மறைத்ததையும் சொன்னேன். மலர் கையிலிருந்த சுளகைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "தட்டுப் போட முதலேயா மாமி?" என்று மட்டும் கேட்டாள். ஓம் என்றேன். அவள் எழும்பிக் கொட்டிலுக்குள் போய்விட்டாள்; அதன் பிறகு நான் நின்றவரை வெளியே வரவில்லை.

குணத்திடம் ஒற்றியைப் பற்றிச் சொன்னேன். உன் காசால் நாளைக்கே வங்கிக்குப் போகலாம், கையெழுத்து என்னிடம் இருக்கிறது என்றேன். அவன் கொட்டில் வாசலை ஒருக்கால் பார்த்தான். பிறகு கேட்டான்:

"மகனிட்டக் கேட்டீங்களா?"

"அவன் நான் சொன்னாக் கேப்பான்."

"அது இல்ல மாமி. கேட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"அப்ப கேளுங்க" என்றான். "பாலைவனத்தில வேர்வை சிந்தினது அவன். நீங்க எங்கட வீட்டுக்கும் எங்களைக் கேக்காமக் கணக்குப் போட்டீங்க. இப்ப அவன்ட காசுக்கும் கேக்காமக் கணக்குப் போடுறீங்க. அவன் முழு மனசோட தந்தா வாங்கிறம். இல்லாட்டி வங்கி எடுக்கட்டும். உங்கட கவலை தீர்றதுக்கு அவன்ட பிள்ளைட சீதனத்தில நாங்க குந்தி இரிக்க மாட்டம்."

இந்த வயதில் எனக்கு அது சுட்டது. நல்லது செய்யப்போகும்போதும் நான் அதே பொம்பிளையாகத்தான் போயிருக்கிறேன்: மற்றவர் வீட்டையும் மற்றவர் காசையும் என் புத்திக்குத் திருப்புகிறவளாக. வரும் வழியில் எனக்கு ஒன்று விளங்கியது. உன்னை டோஹாவுக்கு அனுப்பினேன், சுதாவைப் பார்த்தேன், உன் காசு எங்கே கிடக்க வேண்டும் என்று தீர்மானித்தேன். ஒன்றையும் உன்னிடம் நான் கேட்டதில்லை. சொல்லியிருக்கிறேன்; நீ செய்திருக்கிறாய். நீ நல்ல பிள்ளையாக இருந்ததை நான் என் கெட்டித்தனம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆகையால் மகன், இதை நீ அம்மா சொல்கிறாள் என்று செய்யாதே. உன் உழைப்பு நிறைய நாளைக்கு அந்த மாடியில் முடங்கும். அங்கே இனி நல்ல வாடகை வராது. வந்தாலும் ஒரு வாத்தியாரோ, காத்தான்குடியில் கடையில் வேலை செய்கிற குடும்பமோதான் இருக்கும். முதல் எப்போது திரும்பும் என்று நான் வாக்குத் தரமுடியாது. குணம் ஆத்தை நம்பிச் சீவிக்கிறவன். சின்னவள் பெரியாளாகி, ஏன் எனக்கு மாடி வீடு இல்லை என்று கேட்டால் நீதான் பதில் சொல்லவேண்டி வரும். காசைப் பெருக்குவதுதான் நோக்கம் என்றால், நீ போனில் சொன்னதே சரி: விழுகிற விலையில் வாங்கிப் போட்டு, ஏறும்வரை பொறுத்திருப்பது. அதைச் செய்ய நீ விரும்பினால் நான் உன்னைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த விலையைப் பேச நான் போகமாட்டேன், கையெழுத்தும் வைக்கமாட்டேன். நீ வந்து மலரோடும் குணத்தோடும் முகத்துக்கு முகம் இருந்து பேசி வாங்கு.

சுதாவோடும் கதை. அவளுடைய பிள்ளையின் விசயம் இது. என்னை எதிர்க்க அவள் பயப்படுவாள். பயப்படவேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். இரண்டு பேரும் முடியாது என்றால் அந்த முடியாது என்ற சொல்லை நானே மலரிடம் கொண்டுபோவேன். அவள் கொட்டிலை விட்டு வெளியே வந்தாலும் வராவிட்டாலும் வாசலில் நின்று சொல்லிவிட்டு வருவேன். அது நான் சுமக்கவேண்டியது, உன் தலையில் இல்லை.

ஒற்றிக்கு உன் காசைத் தருவாயா, மகன்? உனக்கு என்ன மனமோ அதைச் சொல்லு. நான் முதல்முறையாக உன்னிடம் கேட்கிறேன்.

உன் அம்மா